கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது?

திருத்தணி மலைமேல் முருகனைக் கண்ணாரக் காணலாம். கருவறையைப் படமெடுக்கக் கூடாது. தமிழகக் கோயில்களில் செல்பேசிக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டபோதும் வழிபாட்டு இடத்தின் புனிதமே காரணமாகச் சொல்லப்பட்டது. பார்ப்பது வேறு, பிடித்து வைத்துக்கொள்வது வேறு என்ற இந்த வேறுபாடு நமக்கு எளிதில் புரிகிறது. ஆனால் 365 படிகளையும் இறங்கி வந்து, அந்த ஊர் என்றில்லை, எந்த ஊரின் பள்ளிக்குள் நுழைந்தாலும் அந்த வேறுபாடு நமக்கு மறந்துபோகிறது. கல்லாலான கடவுளிடம் காட்டும் தயக்கத்தை உயிருள்ள குழந்தையிடம் நாம் காட்டுவதில்லை.

இன்றைய வகுப்பறையில் கேமரா பல வேடங்களில் இருக்கிறது. பாடம் நடந்ததற்கு அத்தாட்சியாக மேலிடத்துக்கு அனுப்பும் படமாக, பள்ளியின் பெருமையைச் சொல்லும் விளம்பரமாக, சுவரின் மூலையில் கண் இமைக்காமல் நிற்கும் கண்காணிப்புக் கருவியாக, ஆர்வமுள்ள ஆசிரியர் சமூக ஊடகத்தில் போடும் ரீல்ஸாக. கடைசி வகையில் குழந்தை ஒப்பிக்கிறது, ஆடுகிறது, சில வேளை அழவும் செய்கிறது. ஊரே பார்த்து ரசிக்கிறது. இத்தனைக்கும் நடுவில், கேமராவும் காணொளியும் கற்பதற்கான கருவிகளாக இருக்க முடியுமா என்ற கேள்வி பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. பெண் குழந்தையை முன்னிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டால், அது தொழில்நுட்பம் பற்றிய கேள்வி அல்ல, அறம் பற்றிய கேள்வி என்பது தெளிவாகும்.

நம் வீடுகளில் ஒரு பெண் எப்போதெல்லாம் படமெடுக்கப்படுகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். வயதுக்கு வந்ததும் மஞ்சள் நீராட்டு விழாவில் நகை பூட்டி நிறுத்தி எடுக்கிறார்கள். அந்தப் படம் பிளெக்ஸ் பேனராகித் தெருமுனையில் நிற்கிறது. சில வருடம் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஒரு படம். இரண்டுக்கும் அவளிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. அதே பெண், தோழிகளோடு சேர்ந்து தானாக ஒரு செல்ஃபி எடுத்தால் குடும்ப மானம் போய்விடுகிறது. ஆக, சிக்கல் படம் அல்ல. படத்தை எடுக்கும் கை யாருடையது என்பதுதான் சிக்கல்.

பயம் பொய்யில்லை. படத்தைத் திரித்து மிரட்டுவது நடக்கிறது. மிரட்டியவனைக் கேள்வி கேட்பதற்குள் பெண்ணின் படிப்பை நிறுத்தி, அவசரமாகக் கல்யாணம் பேசும் வீடுகள் இருக்கின்றன. இந்தப் பயத்துக்கு நம் சமூகம் இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. ஒன்று, பெண்ணிடமிருந்து செல்பேசியைப் பிடுங்குவது. இன்னொன்று, அவளைச் சுற்றிக் கூடுதல் கேமராக்களை மாட்டுவது. தில்லி அரசு 2019இல் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் கண்காணிப்புக் கேமரா பொருத்தி, பெற்றோர் தங்கள் செல்பேசியிலேயே பார்க்கலாம் என்றது பாதுகாப்பின் பெயரால்தான். பிடுங்குவதும் மாட்டுவதும் எதிரெதிர் போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பார்க்கும் அதிகாரத்தை அவளிடமிருந்து எடுத்து, பார்க்கப்படும் நிலையை மட்டும் அவளிடம் விட்டுவைக்கின்றன. அந்தக் கேமராவின் கீழ் நாள் முழுதும் நின்று பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் இதே நிலைதான்.

காணொளியை நாம் கல்விக்குப் பயன்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, இணையம் இல்லாத வீடுகளுக்கும் அதன் வழியே பாடம் போனது. அது பெரிய உதவி. ஆனால் அந்தக் காணொளி ஒரே திசையில்தான் ஓடியது. மாணவி பார்ப்பவளாக இருந்தாள். அவள் எதைப் பார்த்தாள் என்று காட்டுவதற்கு அதில் வழியில்லை.

அந்த வழியை நம் அண்டை மாநிலத்துப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாப்பூர் என்றொரு ஊர். அங்கே தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பில் சேர்ந்திருந்த தலித் பெண் விவசாயிகள் வீடியோ கேமராவைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். விதைகளையும் மானாவாரி நிலங்களையும் தங்கள் சங்கங்களையும் படமெடுத்தார்கள். கோணங்களுக்கான ஆங்கிலச் சொற்கள் அவர்களுக்குப் பயன்படவில்லை. சொந்தமாகப் பெயர் வைத்தார்கள். மேலிருந்து பார்ப்பதும் கீழிருந்து பார்ப்பதும் நிலவுடைமைக்காரரான பட்டேலின் பெயரையும் அடிமையின் பெயரையும் பெற்றன. கண்ணுக்கு நேர் உயரத்தில், எதிரே இருப்பவரைச் சமமாகப் பார்க்கும் கோணத்துக்கு ‘சங்கம் ஷாட்’ என்று பெயர். சங்கத்தில் எல்லோரும் ஒரே தரையில் உட்காருவதால் வந்த பெயர் அது.

திரைப்படத்தில் ஆணின் பார்வை எப்படி இயங்குகிறது என்று லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையை நாம் வகுப்புகளில் படிக்கிறோம். பஸ்தாப்பூர்ப் பெண்கள் அதே உண்மைக்கு உழைப்பின் வழியாக, சாதியின் வழியாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் முன்னால், 1984இல், அகமதாபாத்தின் சேவா அமைப்பில் காய்கறி விற்கும் பெண்கள் வீடியோ கேமரா பிடிக்கப் பழகி, தங்கள் வேலையைத் தாங்களே பதிவுசெய்யத் தொடங்கினார்கள். எழுத்தறிவு இல்லாதவருக்குக்கூடக் கேமராவால் பேச்சு கிடைத்தது என்றால், எழுதப் படிக்கத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவியிடம் அதைக் கொடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

திருத்தணியில் அப்படி ஒரு வகுப்பு நடப்பதாகக் கற்பனை செய்வோம். சுற்றிலும் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்கள். ஒரு மாணவி, அம்மாவின் ஒரு மணி நேர வேலையைப் படமெடுத்து வருகிறாள். விசைத்தறியில் அறுந்த இழையை முடிச்சிடுவது, தார் சுற்றுவது, நடுவே அடுப்பைப் பார்ப்பது, மறுபடி தறிக்கு ஓடுவது. வகுப்பில் அதைப் போட்டு, எந்தெந்த வேலைக்குக் கூலி உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்து எழுதச் சொன்னால் பொருளாதாரப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். ‘அம்மா சும்மாதான் இருக்காங்க’ என்ற வாக்கியம் அந்தப் பதிவுக்கு முன்னால் நிற்காது.

இன்னொருத்தி பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்யலாம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை மாறினாலும் வீட்டு மொழி மாறவில்லை. அந்தப் பகுதியில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். பாடநூலில் இடமில்லாத பாட்டியின் தெலுங்கு, கேமராவின் வழியே வகுப்புக்குள் வருகிறது. பேத்தி அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும்போது, அதுவரை குறையாக நினைத்த ஒன்று அவளுடைய தேர்ச்சியாகிவிடுகிறது.

உடல் சார்ந்த கல்வியும் இதில் உண்டு. பெண் குழந்தைகள் பந்தை எறியும்போது ஏன் முழு உடலையும் பயன்படுத்துவதில்லை என்று ஐரிஸ் மரியன் யங் 1980இல் ஒரு கட்டுரையில் கேட்டார். இது உடற்கூற்றின் குறை அல்ல. தன் உடலைப் பிறர் பார்க்கும் பொருளாகவே உணரும்படி அவள் வளர்க்கப்படுவதன் விளைவு என்பது அவர் வாதம். அப்படியானால் கேமரா அந்த நோயைக் கூட்டாதா? பேனர் படம் கூட்டும். ஆனால் கைப்பந்து ஆடும் பெண், தன் தாவலை மெதுவோட்டத்தில் பார்த்து, கால் எங்கே ஊன்றியது, கை எப்போது உயர்ந்தது என்று தோழியோடு பேசும்போது நடப்பது வேறு. அங்கே அவள் ‘எப்படித் தெரிகிறேன்’ என்று கேட்பதில்லை. ‘என்ன செய்கிறேன்’ என்று கேட்கிறாள். உடல் காட்சியாக இருந்த நிலை மாறி, செயலாகிறது.

இங்கேதான் கடினமான முடிச்சு வருகிறது. வகுப்பறையில் ஒரு மாணவி, ‘என்னைப் படமெடுக்காதீங்க டீச்சர்’ என்று சொல்ல முடியுமா? மதிப்பெண் ஆசிரியர் கையில். மறுத்தால் திமிர் என்பார்கள். மறுக்க முடியாத இடத்தில் கிடைக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் நம் வீடுகளில் பெற்றோர் கையெழுத்து என்றால் பெரும்பாலும் அப்பாவின் கையெழுத்து. படத்தில் இருப்பவள் ஒருத்தி, சரி என்பவர் இன்னொருவர். தன்னைப் பற்றிய விஷயங்களில் குழந்தையின் கருத்துக்கு மதிப்பு வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அந்தக் கருத்தைச் சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே கேமராவை வகுப்புக்குள் கொண்டுவருபவர் முதலில் கற்பிக்க வேண்டியது மறுப்பை. மாணவிகள் படமெடுக்க, ஆசிரியர் முதலில் லென்ஸின் முன்னால் உட்காரட்டும். அதற்கு ஆசிரியர் தினத்தைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அந்த நாளுக்குக் காரணமான ராதாகிருஷ்ணனும் திருத்தணி மண்ணில் பிறந்தவர்தான். பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்று ஆசிரியரும், பார்ப்பவருக்கு என்ன பொறுப்பு என்று மாணவியும் ஒரே நாளில் அறியலாம். படத்தில் இருப்பவரே அதை முதலில் பார்க்க வேண்டும். அழிக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அழிக்க வேண்டும். முகம் வேண்டாம் என்பவள் கைகளையும் குரலையும் தறியையும் எடுக்கட்டும்; அதனால் மதிப்பெண் குறையக் கூடாது. கற்பதற்காக எடுத்தது வகுப்பைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் அவளிடம் மறுபடி கேட்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கேமராவே வேண்டாமே என்று சொல்லலாம். நாற்பது பேரையும் பாடத்திட்டத்தையும் சுமக்கும் ஆசிரியைக்கு இது கூடுதல் சுமை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் இல்லாததால் கேமரா அவள் வாழ்க்கையில் இல்லாமல் போய்விடாது. அண்ணனின் கையில், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவன் கையில், நாளைக்குத் தரகர் கையில் அது இருக்கும். அப்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்குப் பழக்கம் வேண்டும். ஒருமுறையாவது சொல்லி, அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கிடைத்ததைக் கண்ணால் பார்த்தவளுக்குத்தான் அந்தப் பழக்கம் வரும். அதற்குப் பள்ளியைவிடப் பாதுகாப்பான இடம் இருக்க வேண்டும் என்றால், பள்ளி எதற்கு?