சக்கரம் வைத்த வீடு

போன வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பம் ஒரு கேம்பர் வேனை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்தது. எங்கே போனாய் என்று இளைஞர் பிரிவு நண்பர்கள் கேட்டார்கள். கோலசிலாங்கூர் என்றேன். சிரித்துவிட்டார்கள். ரவாங்கில் இருப்பவன் கோலசிலாங்கூர் போக வேனில் படுக்கை எதற்கு, மத்தியானம் கிளம்பி மீன் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லப் போய்தான் வேறொரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து ஊர்ச் சுற்றுலாவின் ருசி நம்மில் பலருக்குக் கோவிட் காலத்தில்தான் தெரிந்தது. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நடுவில் சில மாதம் தளர்த்தினார்கள், மறுபடி மூடினார்கள். இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள் மாநிலம் தாண்டலாம் என்று 2021 அக்டோபர் 11-ல் அனுமதி கிடைக்கும் வரை எங்களுக்குக் கேமரன் வெறும் படம்தான். அந்த நாளில்தான் வேனுக்குள் மெத்தை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து ஓட்டுகிறவர்கள் என் கண்ணில் அதிகம் பட ஆரம்பித்தார்கள்.

எங்களுக்கு வேன் தேவைப்பட்டதற்குக் காரணம் பாட்டி. வயது எழுபத்தெட்டு, முட்டி வலி. விமானம் ஆகாது, ஹோட்டல் மாடி ஆகாது. வெள்ளிக்கிழமை சைவம். வெளிக்கடைக் குழம்பில் எது கலந்திருக்குமோ என்று ரொட்டியும் வறக்கோப்பியுமாக நாளை ஓட்டிவிடுவார். வேனில் அந்தத் தொல்லை இல்லை. சொந்தத் தலையணை, சொந்த ரசம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். கதவைத் திறந்தால் கடல் காற்று.

கிளம்பிய காலையில் சட்டி, பானை, அரிசி டின், பாய் எல்லாவற்றையும் நானும் அப்பாவும் ஏற்றினோம். பாட்டி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைசுற்றல் என்று நினைத்து அம்மா தைலம் தேய்த்துவிட்டார்.

சாயங்காலம் புக்கிட் மெலாவாத்தி. டச்சுக்காரர்கள் 1784-ல் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்த கோட்டை அது. மேலே 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கம், கீழே மலாக்கா நீரிணை. லோத்தோங் குரங்குகள் பாட்டியின் மடியில் கை வைத்துக் கச்சான் கேட்டன. சாம்பல் நிறத் தாயின் வயிற்றில் ஆரஞ்சு நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. "யார் புள்ளைய தூக்கிட்டு வந்திருக்கா இவ?" என்று பாட்டி அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறினோம். சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்கள். அவற்றில் கெலிப்-கெலிப், நம் மின்மினி. ஆயிரக்கணக்கில் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைகின்றன. என்ஜின் கிடையாது, துடுப்புச் சத்தம் மட்டும். அதன் புழு ஆற்றோரச் சதுப்பில் நத்தையைத் தின்று வளர்கிறது. கரையோரக் காட்டை வெட்டினால் பூச்சியும் போய்விடும்.

நான் மெதுவாகக் கேட்டேன். "பாட்டி, நீங்க சின்ன வயசுல இதெல்லாம் பாத்திருப்பீங்களே?"

"இல்லடா ஐயா."

"தோட்டம் இங்கேருந்து பக்கம்தானே?"

"பக்கம்தான். நாலரைக்கு எந்திரிச்சு பெரட்டுக்கு நிக்கணும். ராத்திரி ஏழு மணிக்குப் படுக்கலன்னா எப்படி முடியும்? ஆத்துல பூச்சி எரியுதுன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் கழித்து, படகுக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "அது எனக்கு எத்தன நாள் சம்பளம் தெரியுமா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தார், அவ்வளவே.

அங்கிருந்து அந்த ஆற்றுக்கு நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர் இருக்காது. முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறார். தூரம் என்பதைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது என்று அந்தப் படகில்தான் எனக்குப் புரிந்தது. தோட்டத்து நேரம் அவரை ஆற்றிடமிருந்து லங்காவியை விடத் தூரத்தில் வைத்திருந்தது.

மறுநாள் தஞ்சோங் காராங், செகிஞ்சான். கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். அந்த நாளைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட்டோம், நன்றாகத் தூங்கினோம். உண்மையைச் சொன்னால், விடுமுறை என்பது அந்த ஒரு நாள் மட்டும்தான்.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய தோட்டத்துக்குள் வேனைத் திருப்பலாம் என்று சொன்னது நான்தான். (பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் பாட்டிக்குப் புரியும்.) இந்த வட்டாரத்தின் சரித்திரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். பக்கத்துத் தென்னமராம் தோட்டத்தில்தான் 1917-ல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கினார். இந்த மண்ணைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930-ல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு வாங்கியது. இதையெல்லாம் வேனில் வரும்போது விளக்கிக்கொண்டே வந்தேன். அப்பா தலையாட்டினார். பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் தோட்டம் வேறு, பெயர் வேண்டாம். கோயில் இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்து நிழலில் நிறுத்தி, வேன் பக்கவாட்டுக் கூடாரத்தை விரித்து, மடக்கு நாற்காலி போட்டு, டீ போட்டேன். செம்பனை வரிசை நேராக ஓடுகிறது, பனி இன்னும் விலகவில்லை. அழகு. ட்ரோனை எடுத்தேன்.

பாட்டி இறங்கவில்லை.

"என்னடா பாக்க இருக்கு இங்க?" என்றார். அப்புறம்தான் அந்த முதல் நாள் விஷயம் வெளியே வந்தது. தாத்தா ஓய்வு பெற்றதும், வேலை இருக்கும் வரைதான் வீடு என்று லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். லோரியில் ஏற்றியது இதே சட்டி, பானை, அரிசி டின், பாய். மழை நாள். "நீயும் உங்கப்பனும் சாமான் ஏத்துனப்ப, மறுபடி எங்கயோ போகச் சொல்லிட்டாங்கன்னு நெஞ்சு படபடன்னுச்சு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அப்படித்தான் இருந்துச்சு."

நான் சக்கரம் வைத்த வீட்டை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன், ஆசைக்கு. அவர் வீட்டுக்கும் ஒரு நாள் சக்கரம் முளைத்தது. அதை அவர் கேட்கவில்லை.

நண்பர்களே, இதில் நான் செய்தது தப்பா? பெரியவர்கள் வியர்வை சிந்திய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழகை ரசிப்பது பாவமா? பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தை உழைப்புக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டு நாம் பாலியில் போய்ப் படம் பிடித்தால், பாட்டிக்கு மறுக்கப்பட்ட ஆற்றை நாமும் நமக்கு மறுத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாலியில் அந்த வயலை யார் உழுதார்கள் என்று எனக்குத் தெரியாமல் போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பெஸ்தாரி ஜெயாவில் தெரியாமல் போனால் அதற்கு நான் சாக்குச் சொல்ல முடியாது. தூரப் பயணம் நம் அறியாமையை மன்னித்துவிடும். பக்கத்துப் பயணம் மன்னிக்காது.

மாம்பழக் கதை நம் எல்லாருக்கும் தெரியும். முருகன் மயிலேறி உலகைச் சுற்றினார், பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றிப் பழத்தை வாங்கிவிட்டார். பக்கத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பிள்ளையார் ஜெயித்தது குறைந்த தூரம் சுற்றியதால் இல்லை, நடுவில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்து சுற்றியதால். நான் அந்த மூன்று நாளும் ட்ரோனோடு சுற்றினேன். நடுவில் இருந்தவர் வேனுக்குள் பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு இளைஞர் நீளக் கம்பு அரிவாளோடு வரிசைக்குள்ளிருந்து வந்தார். வங்காளதேசத்துக்காரராக இருக்கலாம். என் வயதுதான். கூடாரத்தையும் நாற்காலியையும் டீயையும் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒதுங்கிப் போகப் பார்த்தார். எங்களைச் சுற்றுலாப் பயணிகளாக ஒருவர் பார்த்தது அந்தப் பயணத்தில் அப்போதுதான். அவருடைய வேலை இடத்தில் நான் காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பாட்டி வேன் படியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். "சூடா மாக்கான்?" என்று அவரிடம் கேட்டார். அவர் தலையை ஆட்டினார், சாப்பிட்டேன் என்பது போலவும் இல்லை என்பது போலவும். பாட்டி என் கையிலிருந்த டீயை வாங்கி அவரிடம் நீட்டி, ரொட்டியையும் எடுத்து வரச் சொன்னார். எந்த லயத்தில் இருக்கிறாய், தண்ணீர் வருகிறதா, எத்தனை பேர் ஒரு அறையில் என்று உடைந்த மலாயில் விசாரணை நடந்தது. அவர் சொன்ன வீடு, கோயிலுக்குப் பின் மூன்றாவது வரிசை, பாட்டி இருந்த வரிசைதான். கூரைத் தகரம் இன்னும் ஒழுகுகிறதாம். "அந்த மூலைதான?" என்று பாட்டி கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

பிறகு கோயிலுக்குள் போய் விழுந்து கும்பிட்டார். முட்டி வலி ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. ட்ரோனை நான் மேலே விடவில்லை. விட்டிருந்தாலும் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அன்றைக்கு மனசு வரவில்லை.

இந்த வருஷத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் கிள்ளான், ஷா ஆலாம், ஜொகூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். நாங்களும் அதே வேனைச் சொல்லி வைத்திருக்கிறோம். பாட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வேனில் சட்டி பானை ஏற்றக் கூடாது. கோயில் அண்டா இருக்கிறது, சோறு அங்கேயே பொங்கிக்கொள்ளலாம், பின் லயத்துப் பையன்களுக்கும் சேர்த்து.