சந்தேகமும் சிரத்தையும்

மென்பொருள் ஸ்தாபனம் ஒன்று, தான் எழுதிய நிரல் தன் வாசலை விட்டுப் புறப்பட்டு ஊராரின் கணினிகளைச் சேரும் வழி நெடுகிலும் காவலை நிலைநிறுத்த ஒரு பொறியாளரை உத்தியோகத்தில் அமர்த்த நினைக்கையில், மேற்பார்வைக்கு அது சம்பளமும் அனுபவமும் பற்றிய விஷயமாகத் தோன்றினாலும், அதன் அடியில் பழைமையான தர்ம விசாரம் ஒன்று இருக்கிறது: சகமனிதனை நம்புவது அறமா, சோதிப்பது அறமா?

1984-ல் வெளியான தமது டூரிங் விருது உரையில் கணினி விஞ்ஞானி கென் தாம்ஸன், மூலநிரல் களங்கமற்று இருக்கும்போதே, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதில் கள்ளவழியைப் புகுத்திவிடலாம் என்று விளக்கினார். 2020 டிசம்பரில் அம்பலமான, சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் ஸ்தாபனத்தின் சம்பவத்தில், நிரல் உருவாக்கப்படும் கணத்திலேயே ஒரு கோப்பு மாற்றப்பட்டு, ஸ்தாபனத்தின் சொந்த டிஜிட்டல் கையொப்பத்துடனேயே நஞ்சு வெளியேறியது. எக்ஸ்ஸெட் யூட்டில்ஸ் என்ற இலவச நிரலிலோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகத் தொண்டு செய்து பராமரிப்பாளரின் விசுவாசத்தைச் சம்பாதித்தவரே கள்ளக்கதவை வைத்தார். அதைத் திறந்துவிடும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன.

2024 மார்ச்சில் அதைக் கண்டறிந்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், யாரையும் குற்றவாளியாக எண்ணிப் புறப்பட்டவர் அல்லர். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியான உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிப்பதை அலட்சியம் செய்யாமல், அதன் காரணத்தைத் தேடிப் போனவர். மனிதர்மேல் எழும் சந்தேகம் துவேஷத்தில் முடியும். காரியத்தின்மேல் எழும் சந்தேகம் சிரத்தையின் மறுபெயர்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சம்மதித்த பிறகே ஏற்பது, கையொப்பச் சாவியைத் தனியொருவர் வசம் விடாதிருப்பது, ஒரே மூலத்தை இரண்டு இடங்களில் தனித்தனியே உருவாக்கி விளைவுகளை ஒப்பிடுவது ஆகிய நியமங்கள் எவருடைய மானத்தையும் குறைப்பதில்லை. சாவி களவுபோன நாளில், ஊழியன் ஒருவன் நிரபராதி என்பதற்கு இந்த நியமங்களே சாட்சி சொல்லும். எனவே நம்பிக்கையும் பரீட்சையும் பகைகள் அல்ல. பரீட்சையைத் தாங்கி நிற்பதே நம்பிக்கை.

ஆகையால், வேலைக்கு வருபவரிடம் எத்தனை கருவிகள் தெரியும் என்று கேட்பதற்கு முன், தாம் எழுதிய வரியையும் பிறர் சோதிக்க மனமுவந்து இசைவாரா என்று கேளுங்கள். தமக்கு மட்டும் விலக்குக் கோருகிறவர் எவ்வளவு சமர்த்தராயினும், காவலுக்குத் தகுதியற்றவர்.