வளைவுக்கு அந்தப் பக்கம்

முத்தையாபுரம் போயிருக்கிறீர்களா? தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், உப்பளங்களை ஒட்டிய ஊர். லாரிகள் ஒரு பக்கம், உப்பள வேலை முடிந்து நடந்து வருகிற பெண்கள் ஒரு பக்கம்.

2025 ஆகஸ்ட் 4-ம் தேதி தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தாலும் திறந்தார்கள், நண்பர்களோடு உட்கார்ந்தால் எலெக்ட்ரிக் கார் பேச்சுதான். நண்பர் ஒருவர் வாங்கியே விட்டார். (எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள்!) அதில்தான் முத்தையாபுரம் போனோம்.

மெயின் ரோட்டிலிருந்து வேகமாகத் திரும்பினார். தரையில் மணலோ, ஈரமோ... வண்டி வழுக்கியது. அடுத்த நொடி, யாரோ பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்து நேரானது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கி அணைந்தது.

"பாத்தீகளா அண்ணாச்சி! நான் பிரேக்கே மிதிக்கல. அதுவா குறைச்சிக்கிட்டு!"

நான் பி.காம். படித்தவன். புத்தி உடனே கணக்கு கேட்டது. இந்த நிதானத்தை யார் கணக்கில் வரவு வைப்பது? அவர் கணக்கிலா, கார் கணக்கிலா?

திருப்பத்தில் வேகம் இரண்டு மடங்கானால், வெளிப்பக்கம் தள்ளுவது நாலு மடங்காகும். 1997-ல் மெர்சிடிஸ் பென்ஸின் 'ஏ கிளாஸ்' கார், ஸ்வீடன் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில் குபுக்கென்று திரும்பியபோது கவிழ்ந்தே விட்டது. பிறகு அந்த மாடல் முழுக்க ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பொருத்தினார்கள். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது, வண்டி எவ்வளவு திரும்பியது என்று ஒப்பிட்டு, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். இன்ஜின் சக்தியையும் குறைக்கும். எலெக்ட்ரிக் மோட்டார் என்றால் கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

'மனுஷன் தானாக அடங்கினால்தான் அடக்கம். மெஷின் அடக்கினால் அதற்குப் பேர் அடக்கமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், எதிரே நடந்து வருகிறவருக்கு உங்கள் மனசு முக்கியமில்லை. வேகம் குறைந்தால் போதும். புண்ணியம் யாருக்குப் போனால் என்ன, உயிர் தப்பினால் சரி!

இப்படி நான் சமாதானமாகிக்கொண்டு இருந்தபோதே நண்பர், "இன்னொருக்கா காட்டுதேன் பாருங்க" என்று அடுத்த திருப்பத்தில் இன்னும் வேகமாக ஒடித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள், கையில் தூக்குவாளியோடு. அலறிக்கொண்டு ஓரமாகத் தாவினார்கள். வண்டி ஒரு அடி தூரத்தில் நின்றது.

"ஆளு நடக்குத ரோடுய்யா இது..." என்றார் மூத்தவர். கோபம்கூட இல்லை. குரல் நடுங்கியது.

நான் டேஷ்போர்டைப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரியவே இல்லை. வண்டி வழுக்கவில்லையே! அதன் கணக்குப்படி தப்பே நடக்கவில்லை.

விழாமல் திரும்புகிற வேகம் வேறு. அடுத்தவரைப் பதற வைக்காமல் திரும்புகிற வேகம் வேறு. முதலாவதை மெஷின் பார்த்துக்கொள்ளும். ஆளைக் கண்டால் தானே நிற்கிற கார்களும் வந்துவிட்டன. ஆனால், கேமராவுக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. 'யாராவது வரலாம்' என்று நினைப்பது நம்ம வேலைதான்.

அடுத்த திருப்பம் வந்தது. நண்பர் எதுவும் பேசவில்லை. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை மிதித்தார்.

அந்த வரவு, சந்தேகமே இல்லாமல் அவர் கணக்கில்தான்.