முதல் ஆசி பெற்றவை



திருவிவிலியத்தில் கடவுள் முதன்முதலில் யாருக்கு ஆசி வழங்கினார்? ஆதாமுக்கு என்பீர்கள். ஆபிரகாமுக்கு என்று சிலர் சொல்லக்கூடும். வீட்டுக்குப் போய்த் தொடக்கநூல் முதல் அதிகாரம் 22ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் நாளில், மனிதன் உருவாகும் முன்பே, மீன்களும் பறவைகளும் ஆசி பெற்றுவிட்டன. பலுகிப் பெருகிக் கடலை நிரப்பும் உரிமை அவற்றுக்கு அன்றே கிடைத்துவிட்டது. நமக்கு ஆறாம் நாள்தான்.

கொல்லிமலையின் பைல் நாட்டில் நின்றுகொண்டு சாமி கடலைப் பற்றிப் பேசுகிறாரே என்று பின்னால் இருக்கும் பெரியவர்கள் நினைக்கலாம். நியாயம்தான். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அதற்கப்பாலும் வெகுதூரம் போனால்தான் நமக்குக் கடல். வேளாங்கண்ணியில் கால் நனைத்திருப்போம், அவ்வளவுதான். ஆனால் அந்த முதல் ஆசி குடியிருக்கும் இடம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். மீனவர்கள் 'பார்' என்பார்கள். பெரும்பாலும் ஓரிரண்டு ஆள் ஆழம்தான். பாறை என்று பெயரே தவிர, அது உயிர். கடுகு, மிளகு அளவுள்ள பூச்சிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து தமக்குச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கின்றன. அந்தப் பூச்சியின் சதைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. பாசி வெயிலில் உணவு சமைக்கிறது, பூச்சி அதற்கு இடம் கொடுக்கிறது. மான்கொம்புபோல் கிளைவிடும் பவளம் ஆண்டுக்கு அரைச் சாண் வளரும். உருண்டைப் பவளம் ஒரு விரல் தடிமன் வளர்ந்தாலே பெரிது. கிளிமீன் வந்து தன் அலகால் பாறைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். நறுக் நறுக்கென்ற அந்தச் சத்தம் முக்குளிப்பவர் காதில் விழுமாம். தின்ற சுண்ணாம்பு பிறகு மணலாக வெளியேறும். அந்தக் கடற்கரை மணலில் கிளிமீனின் உழைப்பும் கொஞ்சம் உண்டு.

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், மூச்சை அடக்காதே என்பது. அடுத்தது, மூழ்கவும் கூடாது, மிதக்கவும் கூடாது, நடுவில் நிற்கப் பழகு. துடுப்புக் கால் ஒரு தடவை பட்டால் பல ஆண்டு வளர்ச்சி ஒடிந்துவிடும். அக்காலத்தில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, எடுத்துவரப் போனார்கள். 1542இல் புனித சவேரியார் தேடி வந்த பரதவ மக்கள் அவர்கள்தான். விசுவாசத்தில் நமக்கு மூத்தவர்கள், வயிற்றுக்காக மூழ்கியவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பேராசை வேறு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டிப் படகு படகாகக் கரைசேர்த்தார்கள். அலையைத் தடுத்த அரண் போனது. அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தும் திருட்டு நிற்கவில்லை. 2001இல் பவளத்துக்குப் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பைக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் மலையில் பாக்சைட் தோண்டியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு அழிவுக்கு யாரும் கடப்பாரை தூக்கத் தேவையில்லை. கோடையில் கடல் அளவுக்கு மீறிச் சுட்டால் பூச்சி தன் பாசியை வெளியே தள்ளிவிடும். பவளம் வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா அப்படி வெளுத்தது. உலகம் எரிக்கும் நிலக்கரியும் டீசலும்தான் அந்தச் சூடு. மலையேறும் நம் வண்டிப் புகைக்கும் அதில் சிறு பங்கு உண்டு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலின் 41ஆம் பத்தியில், பவளத்திட்டுகளைத் தரையிலுள்ள பெருங்காடுகளுக்கு இணையாக வைக்கிறார். காட்டோடு வாழும் நமக்கு அது சட்டென்று புரியும். பிறர் பெற்ற ஆசிக்குள் நாம் விருந்தாளிகள். விருந்துக்கு வந்தவன் வீட்டு உத்தரத்தைப் பிடுங்கிக்கொண்டு போவானா?

தூத்துக்குடியில் ஓர் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல், ஒடிந்த பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டுவருகிறார்கள். எடுக்க மூழ்கிய கடலில் நடுவதற்கு மூழ்குகிறார்கள். இதைவிட நல்ல மனமாற்றத்தை நான் சமீபத்தில் கேள்விப்படவில்லை.

உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். திருப்பயணமாகக் கடற்கரைப் பக்கம் போகும்போது, கடையில் பவளக் கிளையோ காய்ந்த கடல்குதிரையோ யாராவது நீட்டினால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பிள்ளைகள் அடம்பிடித்தால், அது யாருடைய வீடு என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.