எதற்காக என்று கேட்காத பட்டியல்

வேலைகளைக் குறித்துவைக்கும் செயலிகள் பலவற்றில் இரண்டு வசதிகள் உடனே கண்ணில் படுகின்றன. ஒரு வேலைக்கு அடியில் துணை வேலைகளை அடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமையும் கொடுக்கலாம். டூடூயிஸ்ட் செயலியில் முன்னுரிமை பி1 முதல் பி4 வரை நான்கு படிகள். எதுவும் குறிக்காவிட்டால் வேலை தானாகவே பி4-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். நாள்காட்டிச் செயலிகளுக்கான ஐகேலண்டர் தரநிலையின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு 0 முதல் 9 வரை ஓர் எண்ணை ஒதுக்கியிருக்கிறது. 1 என்றால் தலையானது, 9 என்றால் கடைசி, 0 என்றால் எதுவும் சொல்லப்படவில்லை. முக்கியத்துவம் என்பது வேலைக்குள்ளேயே இருக்கும் குணம், நிறுத்துப் பார்த்து எண்ணாக எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை இந்த ஏற்பாட்டின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்றே நினைக்கிறேன். ஒரு வேலையின் முக்கியத்துவம் அது எதற்காகச் செய்யப்படுகிறதோ அதிலிருந்து வருகிறது. செயலி நம்மைக் கீழ்நோக்கிப் பிரிக்கத் தூண்டுகிறது. முன்னுரிமைக்கான விடையோ மேலே இருக்கிறது.

இந்தப் படிநிலையைத் தெளிவாக விளக்கியவர் அரிஸ்டாட்டில். நிக்கோமாக்கிய அறவியலின் தொடக்கத்திலேயே, கடிவாளம் செய்யும் தொழில் குதிரையேற்றத்துக்குக் கீழ்ப்பட்டது, குதிரையேற்றம் போர்க்கலைக்குக் கீழ்ப்பட்டது என்று அடுக்கிக்காட்டுகிறார். இன்றைய துணை வேலை மரத்தின் வடிவம் அதுவேதான். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. ஒவ்வொன்றும் இன்னொன்றுக்காகவே என்று முடிவில்லாமல் போனால் நம் விருப்பமே வெறுமையாகிவிடும். ஆகவே தனக்காகவே விரும்பப்படும் ஒன்று உச்சியில் இருந்தாக வேண்டும் என்கிறார். கடிவாளத்துக்குத் தனியாக முன்னுரிமை கிடையாது. குதிரை எங்கே போகிறது என்பதே அதைத் தீர்மானிக்கும். செயலியின் மரத்திலோ உச்சியைக் காணோம். தலைப்பு வேலைக்கு மேலே ஒரு ‘திட்டம்’ இருக்கலாம், அதற்கு மேலே பெரும்பாலும் ஒன்றுமில்லை. துணை வேலையோ தலைப்பைச் சாராமல் தனக்கென ஒரு முன்னுரிமையை வாங்கிக்கொண்டு, ‘இன்று’ என்ற பக்கத்தில் தனியாளாக வந்து நிற்கிறது.

இதனால் என்ன ஆகிறது? ‘அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன்’ என்ற வேலையை ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடியில் துணை வேலைகள்: சர்க்கரை டெஸ்ட், காப்பீட்டு அட்டையின் நகல், ஆபீசில் லீவு, கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்து, கூடத் தங்குவதற்கு அக்காவிடம் பேசுவது. நகலுக்கு இன்றே கடைசி நாள், எனவே பி1. சொட்டு மருந்துக்கு மணிக்கணக்கு உண்டு, எனவே அதற்கும் பி1. ஆனால் அம்மா பயந்துபோயிருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச வேண்டும். அதற்குக் கெடு தேதி இல்லை. எழுதினாலும் பி4-இல் கிடக்கும், பெரும்பாலும் யாரும் எழுதவே மாட்டார்கள். எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்த பிறகும், எந்த மனுஷிக்காக அத்தனையும் நடந்ததோ அவருக்குச் செய்ய வேண்டியது பாக்கியாக நிற்கும். பாகங்களைக் கூட்டினால் முழுமை வந்துவிடும் என்ற கணக்கு வீடு கட்டுவதற்கு ஓரளவு பொருந்தும். மனிதர்களைப் பார்த்துக்கொள்வதற்குப் பொருந்தாது.

இதெல்லாம் வெறும் ஞாபகக் கருவிதானே, இதில் தத்துவம் எதற்கு என்று கேட்கலாம். கருவியின் நன்மையை நான் மறுக்கவில்லை. முடியாமல் கிடக்கும் வேலை மனத்தைக் குடைந்துகொண்டே இருக்கும் என்பதையும், அதை எப்படிச் செய்வது என்று திட்டமாக வகுத்துவிட்டால் அந்தக் குடைச்சல் அடங்கும் என்பதையும் உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். துணை வேலைகளாகப் பிரிப்பது உண்மையாகவே ஒரு விடுதலை. ஆனால் கருவி ஞாபகத்தோடு நின்றுவிடுவதில்லை, தேர்விலும் கை வைக்கிறது. பலன் குறைவு என்று தெரிந்தும், சீக்கிரம் காலாவதியாகும் என்று தோன்றும் வேலையையே மக்கள் எடுக்கிறார்கள் என்று 2018-இல் ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தேர்ந்தெடுக்கும் அந்த நொடியில் பலனைக் கண்முன் காட்டினால் இந்தச் சாய்வு குறைகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. கெடு தேதியைச் சிவப்பில் காட்டுகிற திரை, ‘எதற்காக’ என்பதையும் அதே வரியில் காட்டினால் நம் தேர்வு மாறக்கூடும்.

கீதையின் பக்கமிருந்து ஒரு கனமான மறுப்பு வரும். பலனில் பற்று வைக்காமல் கைக்கு வந்த கடமையைச் செய் என்றுதானே போதனை? ‘எதற்காக’ என்று மேலே பார்த்துக்கொண்டிருப்பது பற்றையல்லவா வளர்க்கும்? இதில் இரண்டு விஷயங்கள் குழம்பிப்போகின்றன. பலன் எனக்கு வந்து சேர வேண்டும் என்று ஏங்குவது பற்று. இந்தச் செயல் எந்த நன்மைக்கு உரியது என்று அறிவது விவேகம். அர்ச்சுனன் வில்லைக் கீழே போட்டது வேலை தெரியாமல் அல்ல. உறவுக்குச் செய்ய வேண்டியதும் க்ஷத்திரியனாகச் செய்ய வேண்டியதும் எதிரெதிராக நின்றதால்தான். பதினெட்டு அத்தியாயங்களும் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்பியவை. முன்னுரிமையைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் பற்றற்றுச் செய்வதற்கே இடம் வருகிறது.

நடைமுறை சார்ந்த மறுப்பும் உண்டு. டேவிட் ஆலன் 2001-இல் வெளியான ‘கெட்டிங் திங்ஸ் டன்’ நூலில், அன்றாடக் குவியலை முதலில் ஒழுங்குபடுத்து, பெரிய நோக்கங்களைப் பிறகு பார் என்று கீழிருந்து மேலே போகச் சொல்கிறார். தலைக்கு மேல் வேலை இருப்பவனிடம் வாழ்க்கையின் நோக்கத்தைக் கேட்டால் அவன் திணறத்தான் செய்வான்; அந்த அளவில் அவர் சொல்வது சரி. மின் கட்டணம் கட்டும்போதெல்லாம் உச்சியைப் பார்க்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. தலைப்பு வேலையில் வாரத்துக்கு ஒருமுறை ‘எதற்காக’ என்று கேட்டால் போதும்; துணை வேலைகளுக்கு அதிலிருந்தே முன்னுரிமை கிடைத்துவிடும். ஆனால் கேட்காமலே ஒழுங்குபடுத்திய குவியல் அடுத்த வாரம் அதே உயரத்துக்கு வளர்ந்து நிற்கும், ஏனென்றால் அதில் எது இருக்க வேண்டாம் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. ஐகேலண்டர் தரநிலை ஒரு வேலைக்கு நான்கு நிலைகளைத் தருகிறது: செய்ய வேண்டியது, நடந்துகொண்டிருப்பது, முடிந்தது, கைவிடப்பட்டது. பல செயலிகளில் இந்த நான்காவதற்கு இடமே இல்லை. முடித்ததாக டிக் போடலாம், அல்லது தடயமில்லாமல் அழித்துவிடலாம். அந்த ஆபரேஷன் பட்டியலில் ‘இன்னொரு லேபிலும் சர்க்கரை டெஸ்ட்’ என்று ஒரு வரி இருந்தால், அது அம்மாவின் கண்ணுக்காகவா நம் பதற்றத்துக்காகவா என்று கேட்டுப் பார்க்கலாம். மருத்துவமனையே எடுக்கப்போகிற டெஸ்ட் அது என்றால், அதைக் கைவிட்டதாகக் குறித்து, பக்கத்திலேயே காரணத்தையும் எழுதி வைக்கலாம். அந்த அரை மணி நேரம் அப்படித்தான் கிடைக்கும்.