வழி காத்தலும் வையாவிருத்தமே



ஐவகைச் சமிதிகளுள் முதலில் வைத்து ஓதப்பெறுவது ஈரியா சமிதி. கதிரவன் ஒளி பரந்த பின்னரே நடத்தல், நுகத்தடி அளவாகிய நான்கு முழத் தொலைவை நோக்கி நடத்தல், மக்களும் மாக்களும் முன்பே நடந்து பழகிய தடத்தில் நடத்தல் என இதனை விரிப்பர். முதல் இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். மூன்றாவதை விரைந்து கடந்து விடுகிறோம். பழகிய தடம் ஒன்று இருந்தாலன்றோ முனிவர் அதில் நடப்பார்? காலணியும் ஊர்தியும் துறந்த அவருக்காக அத்தடத்தைக் காக்க வேண்டியவர் இல்லறத்தாராகிய நாமே.

நம் தவப்பள்ளிகள் பலவும் ஊரை விட்டு விலகிய குன்றுகளில் உள்ளன. பொன்னூர் மலையில் குந்தகுந்தாச்சாரியரின் திருவடிகள் உள்ளன. செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ளன. கழுகுமலைக் கல்வெட்டுகளோ குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களையும் குறிக்கின்றன. ஆசிரியப் பயிற்சி பெற்று வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்ற நமக்கு அச்சொல்லைக் கேட்டாலே உள்ளம் நிமிர்கிறது. ஆனால் இத்தகைய குன்றுகள் பலவற்றில் படிகள் முடியும் இடத்தில் ஒற்றையடித் தடமே தொடங்குகிறது. அதில் முள் படர்கிறது. மழை மண்ணை அரித்துச் செல்கிறது. எழுபதைக் கடந்தவர்கள் அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்புகிறார்கள். பிள்ளைகள் வேலை தேடிப் பெருநகரங்களுக்குச் சென்றபின், தடம் அறிந்தவர் ஊரில் ஓரிருவரே எஞ்சுகின்றனர்.

படிக்கட்டுக் கட்டித் தம் பெயரைப் பொறிக்க முன்வரும் உபயதாரர்கள் உண்டு, வாழ்க! அப்படியில் முளைத்த முள்ளை அகற்றத்தான் ஆளில்லை.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் பொறியியல் பயின்ற இளைஞர் ஒருவர் வினவினார்: "அம்மா, புல்லை அறுப்பதும் மண்ணைக் கிளறுவதும் ஓரறிவுயிர்க்கு இம்சையன்றோ? அதனை அறம் என்று எவ்வாறு கூறுவது?"

நல்ல வினா. இம்சையே, அதனை மறைத்துப் பேசுதல் நம் நெறியன்று. சமந்தபத்திராச்சாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குமிடத்து, பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறடித்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாத சரியை என விலக்குகிறார். பயனின்றி என்னும் சொல்லை இங்கு உற்று நோக்க வேண்டும். தடம் பழுதுற்றால் மாந்தர் வருகை நின்றுவிடுவதில்லை. சேற்றைத் தவிர்க்க ஒருவர் வலப்புறம் மிதிக்கிறார். முள்ளைத் தவிர்க்க மற்றொருவர் இடப்புறம் மிதிக்கிறார். வளைவைச் சுற்ற மனமின்றி இளையோர் சரிவில் நேரே இறங்குகின்றனர். ஒரு தடம் நான்காகிறது. இருசக்கர வண்டியும் ஏறிவிட்டால் அதன் சக்கரப் பள்ளமே அடுத்த மழைக்கு ஓடையாகி விடும். இரண்டடி அகலத் தடத்தைச் செப்பமாக வைத்திருந்தால், அதன் இருபுறத்துப் புல்லும் எறும்பும் புற்றும் மனிதக் காலடியினின்று தப்புகின்றன. அந்த இளைஞர்க்கு நாம் கூறிய விடை இதுவே.

செய்யும் முறையில் தயை வேண்டும். ஆனி, ஆடி தொடங்கிக் கார்த்திகை வரையிலான சாதுர்மாசியத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர் பெருகும். அப்போது மண்வெட்டியைத் தொடற்க. மழை ஓய்ந்ததும் தடத்தை நடந்து பார்த்து, நீர் எவ்வழி ஓடியிருக்கிறது என்று குறித்துக் கொள்ளலாம். தடத்தின் முதற்பகை நீரே. தை, மாசியில் தடத்தின் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கற்களை வரிசையாகப் பதித்தால், நீர் தடத்தின் வழியே ஓடாமல் பக்கச் சரிவில் இறங்கிவிடும். ஒரு கல்லைப் பெயர்க்குமுன் கடப்பாரையால் மெல்ல நெம்பிப் பார்க்க வேண்டும். அடியில் தேளோ பல்லியோ குடியிருந்தால் அக்கல் அங்கேயே இருக்கட்டும். வேறு கல் கிடைக்கும். முனிவர் மயிற்பீலியால் இடம் துடைப்பதை நினைந்து, நாம் பூந்துடைப்பத்தால் எறும்பு வரிசையை விலக்கலாம். தடத்தில் நீண்ட கிளையை அரிந்தால் போதும். வேரைப் பறிக்க வேண்டா. காய்ந்த புல்லுக்குத் தீயிடுதல் எக்காலத்தும் ஆகாது.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் தொல்லியல் துறையின் இசைவின்றி ஒரு கூடை மண்ணும் எடுத்தல் கூடாது; காட்டு நிலமாயின் வனத்துறையையும் கேட்க வேண்டும். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசுவதை எவரேனும் திருப்பணி என்று கூறினால் பணிவுடன் தடுத்திடுக.

சமந்தபத்திரர் வையாவிருத்தத்தைச் சிட்சா விரதங்களுள் ஒன்றாக வைத்து, துறவியரின் இடர் களைதலையும் பாதம் வருடுதலையும் அதில் அடக்குகிறார். முனிவர் வருகை நம் சிற்றூர்களுக்கு என்றோ ஒருநாள் வாய்ப்பது. அவர் பாதம் படவிருக்கும் வழியைப் பேணும் வாய்ப்போ ஆண்டுதோறும் உண்டு.

ஆகவே வரும் தை மாதத்தில் ஒவ்வோர் ஊர் ஜினாலயத்தாரும் தமக்கு அணித்தான குன்று ஒன்றைத் தேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பேரேனும் கூடுக. அரிவாளும் கடப்பாரையும் பெரியோர் கையில் இருக்கட்டும்; சிறுவர்க்குத் துடைப்பமும் கூடையும் போதும். வடிகட்டிய நீரைக் கையோடு கொண்டு செல்க. ஏற இயலாத எம்போன்றோர் அடிவாரத்து நிழலில் அமர்ந்து, இறங்கி வருவோர்க்கு நீர்மோர் வழங்குவோம்.