நூறில் ஒரு பங்கு

கண் இமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிடக் குறைந்த நேரத்தில் ஒரு பதக்கத்தை இழந்தவர் பி. டி. உஷா. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், மூன்றாவதாக வந்தவருக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42.

2002-இல் அவர் கேரளத்தில் சிறுமிகளுக்கென்று ஓர் ஓட்டப் பள்ளி தொடங்கினார். தோற்றவர் (அப்படிச் சொல்லவே வாய் கூசுகிறது) இளையவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பார்? மன உறுதியை என்றுதான் நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன்.

பின்னாளில் அவர் சொன்னதைப் படித்தேன். அயல்நாட்டுச் சாப்பாடு பழக்கமில்லாமல் கஞ்சியும் ஊறுகாயும் உண்டு ஓடினாராம். கடைசிச் சில மீட்டரில் உடம்பில் தெம்பில்லையாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண்ணிடம் இல்லாமற்போனது உறுதியா? வயிற்றுக்குச் சரியான சோறல்லவா! கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று உபதேசிப்பது எவ்வளவு சுலபம்! பட்டவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், முதலில் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா?' என்று கேட்பார். உறுதியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த அன்பிலும் ஒரு சுமை உண்டு. அவருடைய மாணவி டின்டு லூக்கா 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் அரையிறுதியோடு நின்றுவிட்டார். குருவின் கடனைச் சிஷ்யை தீர்க்க வேண்டும் என்று யார் விதித்தது? நான்தான், என் போன்றவர்கள்தான். அன்று தொலைக்காட்சியின் முன் 'அடடா' என்றேன். அது அந்தப் பெண்ணுக்காகவா, உஷாவுக்காகவா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.